பேச்சு நின்றால் கை நிற்கும்

அத்தியாயம் 17

அன்று காலை ஏணியில் ஏறும்போது கிரேன்காரர் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டுப் போனார்.

இது சின்ன விஷயமில்லை. போன மழைக்காலத்தில் கேபினுக்குள் மூச்சு முட்டி, கை கால் விறைத்து, நாலு பேர் சேர்ந்து அவரைக் கீழே இறக்கிய நாளிலிருந்து அந்தப் பாட்டில் அவர் இடுப்பை விட்டுப் பிரிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சை அப்படியும் இப்படியும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் கல்லு மாதிரி இருக்கு, இது பேனிக் அட்டாக்" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் பாட்டில் கூடவே போனது. குளியலறைக்கும் போனது. "அங்கதான் குழாயே இருக்கேப்பா" என்று மகள் கேட்டாள்.

மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். பிறகு மனநல டாக்டரம்மா சொன்னபடி முதலில் மொட்டை மாடி, அப்புறம் ரயில்வே மேம்பாலம், அப்புறம் கிரேன் ஏணியில் பாதி, அப்புறம் முழுசு என்று ஒவ்வொன்றாக ஏறிப் பழகினார். டாக்டரம்மா ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "இது வேண்டாத சொந்தக்காரன் மாதிரி. கதவைச் சாத்தினா தட்டிக்கிட்டே இருப்பான். உள்ளே விட்டு, உட்காருன்னு சொல்லிட்டு, உங்க வேலையைப் பாருங்க. கவனிக்க ஆளில்லைன்னா அவனே எழுந்து போயிடுவான்."

அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயரே சொந்தக்காரர்தான்.

வேலைக்குத் திரும்பிய பிறகு சொந்தக்காரர் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இன்றைக்குப் பாட்டில் கீழே நின்றது.

ஏணியின் அடியில் மச்சினன் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். மனைவியின் தம்பி. கீழேயிருந்து வாக்கி டாக்கியில் சைகை சொல்லும் சிக்னல் ஆள். சைட்டில் அவனுக்குப் பெயர் ரேடியோ. வாக்கியை அணைத்த பிறகும் பேச்சு நிற்காது என்பதால் வந்த பெயர்.

"மாமா, பாட்டில்."

"தெரியும் மாப்ள. இருக்கட்டும்."

"தெரிஞ்சேவா? அப்ப சரி. ஏறுங்க. அவசரமில்ல. தேர் புறப்பட்டதும் சொல்லுங்க."

அந்த நேரத்தில் ரேடியோ பெல்ட் பார்க்க வேண்டும். பாரம் கட்டித் தூக்குகிற அகலமான நைலான் பெல்ட்களை ஒவ்வொன்றாகக் கையில் ஓட்டி, வெட்டு இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நல்லதில் மட்டும் பச்சை டேப் கட்டுவது அவன் வேலை. இரண்டு கிரேனின் பெல்ட்களையும் அவனும் இன்னும் இரண்டு பேரும் பங்குபோட்டுப் பார்ப்பார்கள். பச்சை டேப் இருந்தால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். அவன் கட்டுகிற முடிச்சும் தனி. முயலுக்குக் காது மாதிரி இரண்டு வளையம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுப் பையிலும் அதே முடிச்சு. அக்கா மகளுக்குச் சின்ன வயதில் ரிப்பன் கட்டிவிட்டதும் அதே முடிச்சுதான். பள்ளிக்கூடத்தில் அவளை முயல் என்றே கூப்பிட்டார்கள்.

அன்றும் கை முடிச்சுப் போட்டது. கண் மட்டும் ஏணியின் மேலே இருந்தது. மாமா கேபின் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை இருந்தது.

*

முதல் பாரம் ஒன்றும் பண்ணவில்லை. இரண்டாவதும் ஒழுங்காகப் போனது. மூன்றாவதுதான் வினை.

கம்பிக் கட்டு ஒன்றை மாடிப்படிச் சுவருக்குப் பின்னால் இறக்க வேண்டும். மேலேயிருந்து அந்த இடம் தெரியாது. இந்த மாதிரி நேரத்தில் கிரேன்காரருக்குக் கண் கிடையாது, காதுதான். கீழே இருப்பவன் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் அவன் தும்மினாலும் கை நிற்க வேண்டும். பேச்சு நின்றால் கை நிற்கும். அவர் கற்றுக்கொண்ட முதல் விதி அது. அதை மீறினவர்கள் கீழே ஆளை நசுக்கியிருக்கிறார்கள்.

"இறக்கு மாமா, இறக்கு, அப்படியே, இறக்கு, கொஞ்சம் மெதுவா, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி, இறக்கு, இற…"

பேச்சு நின்றது.

கை தானாக விட்டது. லிவர் நடுவுக்கு வந்தது. பிரேக் பிடித்தது. பாரம் அந்தரத்தில் நின்றது.

எல்லாம் முறைப்படி. ஆனால் அந்த அமைதி நீண்டது. கேபினுக்குள் வேறு சத்தமில்லை. தன் மூச்சு அவருக்குக் கேட்டது. மூச்சுக்குக் கீழே நெஞ்சு கேட்டது. ஒரு தட்டு. இன்னொன்று. பிறகு யாரோ உள்ளேயிருந்து கதவை உடைப்பது மாதிரி.

விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. கண்ணாடி நாலு பக்கமும் நெருங்கி வந்தது. கை இடுப்புக்குப் போனது. பாட்டில் இல்லை.

வந்துவிட்டான்.

"மாமா, கேக்குதா? இறக்கு."

கை லிவரைத் தொட்டது. அசையவில்லை.

"மாமா? என்ன ஆச்சு?"

வாக்கியின் அலைவரிசையில் சைட் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினியர் கேட்பார். கான்கிரீட் ஆட்கள் கேட்பார்கள். அந்தப் பக்கத்துக் கிரேனில் இருக்கிற ஒல்லி கேட்பான். இவர் வீட்டில் கிடந்த மாதங்களில் டீக்கடையில் நின்று, "மேலே ஏறணும்னா அவருக்கு மடியில உட்கார வைக்க ஆள் வேணுமாம்" என்று சொல்லிச் சிரித்தவன் அவன்.

"காத்து," என்றார் கிரேன்காரர். "காத்து அடிக்குது. நிறுத்தி வைக்கிறேன்."

கிரேனின் கை நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி, கொடியில் காயப்போட்ட ஈரத் துண்டு மாதிரி அசையாமல் தொங்கியது.

"சரி, நில்லுங்க. அவசரமில்ல," என்று எஞ்சினியரின் குரல் வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உட்காரு, என்று சொல்லிப் பார்த்தார். உட்காரவில்லை. கெட்ட வார்த்தையில் சொல்லிப் பார்த்தார். அதற்கும் உட்காரவில்லை. மூச்சை இழுக்காமல், விடுவதை மட்டும் நீளமாக விட்டுப் பார்த்தார். சட்டை நனைந்தது. எவ்வளவு நேரமோ. கடைசியில், வந்தவனுக்கே சலித்துப் போனது போல, நெஞ்சு ஒவ்வொரு படியாக இறங்கியது.

"காத்து நின்னுடுச்சு," என்றார். "சொல்லு மாப்ள."

"இறக்கு மாமா. இறக்கு. இறக்கு." ரேடியோவின் குரலில் ஊர்வலம் எதுவும் இல்லை.

*

கீழே இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. கான்கிரீட்டுக்கு அடைப்பாக வைக்கிற ஷட்டர் தகடு ஒன்றை ஒல்லியின் கிரேன் தூக்கும்போது, அது ஒரு பக்கம் சாய்ந்து, சாரத்தில் மோதி, சாரக் குழாயை வில்லாக வளைத்திருந்தது. அந்தச் சாரத்தில் வேலை செய்கிற ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அதனால் சாவு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

ஒல்லி என்று பெயர் வைத்தவன் குறும்புக்காரனாக இருக்க வேண்டும். ஏணிக் கூண்டுக்குள் நுழையவே பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்துக்கொள்கிற உடம்பு. அந்த உடம்பு இப்போது எஞ்சினியர் முன்னால் வியர்த்து நின்றது.

"சார், காத்தே இல்ல சார். பெல்ட் நழுவுச்சு. நான் மேலேயிருந்து பார்த்தேன்."

"பெல்ட்ல பச்சை டேப் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்புறம் என்ன பெல்ட்டு? அதே நேரத்துல அவரு காத்துன்னு நிறுத்தி வச்சிருக்காரு. நீ வாக்கியில கேட்டியா இல்லையா?"

"கேட்டேன் சார். ஆனா எனக்குக் காத்து தெரியல. காத்து பார்க்குற மீட்டர்லயும் காட்டல."

"ரெண்டு மீட்டரும் ரிப்பேரா இருக்கும். ஆளை வரச் சொல்லியிருக்கேன். சீனியர் நிறுத்தினா நீயும் நிறுத்தணும். இத்தனை வருஷம் மேலே இருந்தவரு சும்மாவா சொல்வாரு?"

எல்லோரும் கிரேன்காரரைப் பார்த்தார்கள். ஒல்லியும் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீங்களே சொல்லுங்கண்ணே என்று ஒரு கேள்வி மட்டும் இருந்தது. கிரேன்காரர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அது ஏற்கனவே கட்டியிருந்தது.

"நல்ல காத்து சார்," என்றான் ரேடியோ. "கீழே எனக்கே கண்ணுல மண்ணு விழுந்துச்சு."

ஒல்லியை மெஷினை விட்டு இறக்கினார்கள். மீட்டர்காரன் வந்து பார்க்கும்வரை கிரேன் ஓடாது, நாளைக் காலை வந்தால் போதும் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். கான்கிரீட் ஆட்கள் மட்டும் சாயங்காலம் வரை.

*

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கிரேன்காரர் உட்கார்ந்தார், எழுந்தார், கம்பியைப் பிடித்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார்.

"மாமா, ஒரு இடத்துல இருங்க. கண்டக்டர் ரெண்டு டிக்கெட் கேப்பாரு."

"நீ ஏன் அப்ப பேச்சை நிறுத்தின?"

"எப்ப?"

"கம்பி இறங்கும்போது."

ரேடியோ ஜன்னல் பக்கம் பார்த்தான். "பேட்டரி. வாக்கி பேட்டரி போயிடுச்சு."

"போய், திரும்பி வந்துடுச்சா?"

"தட்டினேன், வந்துச்சு. அதை விடுங்க. காத்துன்னு சொன்னீங்க, நானும் ஆமான்னேன். அதோட முடிஞ்சுது. உங்களைத் திருப்பி எடுக்கும்போது எஞ்சினியர் என்கிட்ட கேட்டாரு, உங்க மாமா தேறிட்டாரான்னு. நான் கேரண்டி சார்னு சொன்னேன். இப்ப போய் இல்ல சார், காத்து இல்ல, அவருக்கு நடுங்குச்சுன்னு சொன்னா உங்களை மட்டுமா அனுப்புவாங்க?"

"ஒல்லி?"

"ஒல்லிக்கு என்ன? ரெண்டு நாள் வீட்டுல உட்காருவான். கொஞ்சம் இளைப்பான்."

ரேடியோ தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. வீட்டு நிறுத்தம் வரும்வரை அவன் எதுவும் பேசவில்லை. கிரேன்காரர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

*

வீட்டில் முன்னறையில் மனைவி திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை. அறை முழுக்க நீலத் துணி குவிந்து கிடந்தது.

"என்ன சீக்கிரம்?"

"மீட்டர் ரிப்பேர்."

உள்ளே போனார். முகம் கழுவினார். சமையலறைக் குழாய் சொட்டியது. ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். சொட்டுவது நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார், பீச்சியடித்தது. துடைத்தார். கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினார். ஸ்டூலை இங்கேயிருந்து அங்கே போட்டார். பால்கனிக்குப் போய், எட்டிப் பார்த்து, பின்வாங்கி வந்தார். இரண்டாவது மாடி உயரம் இன்று அதிகமாகத் தெரிந்தது.

தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தலை நிமிரவில்லை. அவளுக்குக் காது போதும்.

"ஏங்க, அந்த ஸ்டூல் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் நின்றார்.

"சொந்தக்காரர் வந்துட்டுப் போனாரா?"

"வந்தான்."

"எங்க? மேலயா?"

"பாரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது." துணிக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு. மழைக்காலத்துக்கே திரும்பிப் போயாச்சு. மொட்டை மாடியில இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

"பாரம் என்ன ஆச்சு?"

"நிறுத்திட்டேன். அப்புறம் இறக்கிட்டேன்."

"நீங்களே?"

"வேற யாரு?"

"ஏணியில யாரு தூக்கிட்டு வந்தது?"

"யாரும் தூக்கல. நானே இறங்கினேன்."

"பஸ்ல?"

"நானே வந்தேன். ஏன் போலீஸ் மாதிரி கேக்கற?"

"போன தடவை நாலு பேரு தூக்கிட்டு வந்து இதே இடத்துல படுக்க வச்சாங்க. அன்னிக்கு என் பேரு கூட உங்களுக்கு நினைவு வரல." துணியைத் திருப்பிப் போட்டாள். "இன்னிக்கு வந்ததும் குழாயைக் கெடுத்துட்டு நிக்கிறீங்க. ரெண்டும் ஒண்ணா? டாக்டரம்மா சொல்லலையா, இன்னொரு தடவை வரும், வந்தா தோத்துட்டோம்னு அர்த்தமில்லைன்னு?"

"அவங்க கீழே உட்கார்ந்து சொல்லிடுவாங்க."

"நீங்க மேலே உட்கார்ந்து பாரத்தை இறக்கிட்டு வந்திருக்கீங்க. அதைச் சொல்லுறேன்."

 நாடி பார்த்துக்கொண்டிருந்த அவர் விரல் மணிக்கட்டை விட்டு எழுந்தது. அப்புறம்தான் மிச்சத்தையும் சொன்னார். காத்து என்று சொன்னது. எஞ்சினியர் நம்பியது. தகடு சாய்ந்தது. ஒல்லியை இறக்கியது.

மெஷின் நின்றது.

"மடியில உட்கார வைக்க ஆள் வேணும்னு சொன்னானே, அவனா?"

"அவன்தான்."

"அவன் வாய்க்கு இது வேணும்." அவள் அதை யோசிக்காமல் சொன்னாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "காத்து இல்லைன்னா அந்தத் தகடு ஏன் சாஞ்சுது?"

"அவன் பெல்ட்டுன்னு சொல்றான்."

"பெல்ட்டைப் பார்த்தாங்களா?"

"காத்துன்னு ஆயிடுச்சே. அப்புறம் பெல்ட்டை எதுக்குப் பார்ப்பாங்க? கழற்றி ஸ்டோர்ல…"

வாய் அங்கேயே நின்றது.

பச்சை டேப்போடு அந்தப் பெல்ட் ஸ்டோரில் மற்றவற்றோடு தொங்கும். நாளைக் காலை யாரோ ஒருவன் கைக்கு வந்ததை எடுத்துப் போவான். கீழே சாரத்தில் ஆட்கள் இருப்பார்கள். டீ நேரமாக இருக்காது.

அவர் எழுந்து சட்டையைத் தேடினார். சட்டை உடம்பிலேயே இருந்தது. செருப்பைத் தேடினார்.

"போன்ல சொல்லிடுங்களேன்," என்றாள்.

"வாக்கியிலதான் ஏற்கனவே பொய் சொல்லியிருக்கேன். வாக்கின்னாலும் போன்னாலும் ஒண்ணுதான். மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்."

அவள் துணியைப் பார்த்தபடி சொன்னாள்: "என் தம்பி வேலையும் இதுல இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போறீங்களா?"

"நீ வேணாம்னு சொல்லு, உட்கார்றேன்."

அவள் சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோர்க்கப் பார்த்தாள். இரண்டு தடவை தப்பியது. "நடுக்கம் வந்தது உங்க குத்தமில்ல," என்றாள் கடைசியில். "காத்து மேல பழி போட்டதுதான் குத்தம். போயிட்டு வாங்க. பாட்டிலை எடுத்துட்டுப் போங்க."

"பாட்டிலா?"

"இன்னிக்கு எடுத்துட்டுப் போனா ஒண்ணும் குறைஞ்சுடாது. நாளைக்கு விட்டுட்டுப் போகலாம்."

*

திரும்பிப் போகிற பஸ்ஸில் நெரிசல். பாதி வழியில் சொந்தக்காரர் மறுபடி ஏறினார். டிக்கெட் இல்லாமல் ஏறி, அவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார். இறங்கிவிடலாமா என்று கிரேன்காரர் இரண்டு நிறுத்தங்களில் படிக்கட்டைப் பார்த்தார். மூன்றாவதில் பார்க்கவில்லை. வர்றியா, வா, என்று நினைத்துக்கொண்டார். எனக்கு சைட்டுல வேலை இருக்கு. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ரேடியோ. அக்கா சொல்லியிருப்பாள். எடுக்கவில்லை.

சைட் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பாட்டிலில் பாதியைக் குடித்தார். பிறகு எஞ்சினியரின் தகரக் கொட்டகைக்குள் போனார்.

சொல்வதற்கு நிறைய நேரம் ஆகவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

"சார், காலையில காத்து இல்ல. எனக்கு அந்தப் பழைய தொந்தரவு வந்துச்சு. வெட்கப்பட்டுக்கிட்டு காத்துன்னுட்டேன்."

எஞ்சினியர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களைத் திருப்பி எடுக்கும்போது நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன்."

"ஏதாவதுன்னா முதல்ல சொல்லணும்னு."

"பாரத்தை நிறுத்தினது சரி. அதுக்கு உங்களை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இறங்கச் சொல்லி வேற ஆளை ஏத்தியிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்." ஜன்னல் வழியாக வளைந்த குழாயைப் பார்த்தார். "இப்ப என்ன நடந்திருக்கு பாருங்க."

"ஆமா சார்."

"நாளைக்கு மேலே ஏறாதீங்க. உங்க டாக்டர்கிட்ட நான் பேசணும். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியல."

  கிரேன்காரர் பாட்டில் மூடியை இறுக்கினார்.

"சரி சார். ஆனா அந்தப் பெல்ட்டை இப்பவே பார்க்கணும். ஒல்லி சொன்னது நிஜமா இருந்தா அது நாளைக்கு ஆளைக் கொல்லும்."

ஸ்டோரில் பெல்ட்கள் வரிசையாக ஆணிகளில் தொங்கின. எல்லாவற்றிலும் பச்சை டேப். எஞ்சினியர் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். கிரேன்காரர் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஓட்டினார். முதல் பெல்ட் வழவழப்பாகப் போனது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

வெளியே யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. வாசலில் ரேடியோ வந்து நின்றான். யாரோ ஒருவன் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், தலையெல்லாம் புழுதி.

"மாமா, இருங்க, ஒரு நிமிஷம், நான் சொல்றேன், சார், அது வந்து…"

கிரேன்காரரின் உள்ளங்கை ஒரு இடத்தில் தடுக்கியது. பெல்ட்டின் நுனியில் கொக்கி மாட்டும் காது தைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே. வெளிச்சத்துக்குத் திருப்பினார். கூரான விளிம்பில் இழுபட்டு, பெல்ட் பாதி அகலத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின் ஓரத்தில் சிமெண்ட் தூசி ஏறிக் காய்ந்து இறுகியிருந்தது. இன்றைக்கு விழுந்த வெட்டில்லை. நேற்றோ, அதற்கு முன்னாலோ.

அதற்கு மேலே பச்சை டேப். முடிச்சில் முயல் காது மாதிரி இரண்டு வளையம்.

ஏணியடியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்த முகம் அவர் நினைவுக்கு வந்தது. கை கீழே முடிச்சுப் போட, கண் தன் மேலேயே இருந்த முகம். கம்பி இறங்கும்போது பாதியில் நின்ற "இறக்கு" நினைவுக்கு வந்தது. பெல்ட் நழுவி ஒல்லியின் தகடு சாயத் தொடங்கியதைக் கீழேயிருந்து பார்த்துத்தான் இவன் வாயடைத்திருக்கிறான். பேட்டரி போகவில்லை.

ஒருவர் காத்து என்றார். ஒருவன் பேட்டரி என்றான்.

"யாரு கட்டினது இந்த டேப்பு?" என்று எஞ்சினியர் கேட்டார். அவருக்கு முடிச்சைப் படிக்கத் தெரியாது.

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. விரலில் எறும்பு வந்தது. உட்காரு, என்றார் மனசுக்குள். இந்தத் தடவை அது உட்கார்ந்தது. அல்லது இவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

திரும்பி மச்சினனைப் பார்த்தார்.

ரேடியோவின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கல்யாண வீட்டிலும், சாவு வீட்டிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நிற்காத பேச்சு அது. இப்போது நின்றுவிட்டது.

பேச்சு நின்றால் கை நிற்க வேண்டும். கிரேன்காரரின் கை பெல்ட்டைப் பிடித்தபடி, அந்த முடிச்சின் மேல் நின்றது.